ஊளை

அந்த வருசம் கீழ்ப்பிரிவில்
ஒரு பிள்ளைக்கும் சடங்கு வைக்கவில்லை.
பெரியபிள்ளை ஆனவர்களை
ஒரு முட்டையோடும் நல்லெண்ணெயோடும்
காம்பராவுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள்.
மூன்று நாள் திருவிழா ஒருநாளானது,
அதுவும் மைக் இல்லாமல்.
என் நாலு ஹோர்னும் கட்டிலுக்கடியில்
வாயைப் பிளந்தபடி கிடந்தன.
ஒன்றுக்குள் பூனை குட்டி போட்டது.

உரம் வரவில்லை. கொழுந்து இல்லை.
பதினெட்டுக் கிலோ கேட்டார்கள்,
பன்னிரண்டுக்கு மேல் தராசு நகரவில்லை.
அரைப்பேர்.
சரோசனி மலையிலிருந்து வந்து
கூடையைக் கவிழ்த்து அதன்மேலேயே உட்காருவாள்.
மாவு என்ன விலை என்று சொல்லமாட்டாள்.
ரொட்டியின் அகலத்தைப் பார்த்து
நானே தெரிந்துகொள்வேன்.

மண்ணெண்ணெய் வரிசையில்
செருப்புகளை இடம்பிடிக்க விட்டுவிட்டு
வேலைக்குப் போனோம்.
திரும்பி வந்தால்
செருப்புகள் ஓரடிகூட முன்னுக்குப் போயிருக்காது.

பொகவந்தலாவைப் பாதையில், சந்தியில்,
நிஸ்தார் நானா மட்டும்
கொப்பியை மூடவில்லை.
"ஈக்கிற நேரம் தாங்கொ."
என் பக்கத்தில் பதினோராயிரத்து நானூறு.

அப்போதுதான் நீல வேன் வந்தது.
ஊரே வரிசையில் நிற்கையில்
ஜெனரேற்றருக்கென்று இருபது லீற்றர் டீசலை
என் வாசலில் இறக்கினார்கள்.
அட்வான்சும் கையிலேயே. புதுத்தாள்.
நான் என்ன கட்சி என்று கேட்கவில்லை.

பேச வந்தவன் பெயர் தவநேசன்.
முன்பு இன்சூரன்ஸ் விற்றவன், என் வயசு.
முதல் கூட்டத்துக்கு அறுபது பேர்.
மாவு என்றான், சம்பளம் என்றான்,
இருநூறு வருசமாய் ஏழு பேர்ச் இல்லை என்றான்.
எல்லாம் உண்மை.
தட்டினார்கள். நடுவில் கொட்டாவியும் விட்டார்கள்.

இரண்டாம் கூட்டத்தில்
பாதியில் நிறுத்தி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான்.
"நம்ம பசியில கொழுத்தது யாரு?"
பெயர் சொல்லவில்லை.
சந்திப் பக்கமாய் முகத்தைத் திருப்பினான், அவ்வளவுதான்.

சவுண்ட்காரனுக்கு ஒன்று தெரியும்.
ஹோர்னிலிருந்து போன சத்தம்
திரும்பி வந்து மைக்குக்குள்ளேயே விழுந்தால்
மைக் அதைப் புதுச்செய்தி என்று நினைத்து
இன்னும் பெரிதாக்கி அனுப்பும்.
அது மறுபடி வரும், மறுபடி போகும்.
கடைசியில் பேசுகிறவனும் இல்லை,
கேட்கிறவனும் இல்லை,
ஊளை.

அன்றைக்கு வயரில் ஒரு பிழையும் இல்லை.
மைக் ஒரு பக்கம், ஹோர்ன் மறுபக்கம்,
நானே அளந்து கட்டியது.
ஆனாலும் கேட்டது.
நானூறு வயிற்றிலிருந்து அவன் வாய்க்குப் போனது,
அவன் வாயிலிருந்து நானூறுக்கும் திரும்பியது.
முன்வரிசையில் சரோசனி எழுந்து நின்றாள்.
எத்தனையோ மாசமாய்ப் பார்க்காத ரத்தம்
அவள் முகத்தில்.
அழகாக இருந்தாள், மறைத்து என்ன.

சத்தம் குறைக்கும் குமிழ்
என் பெருவிரலுக்குக் கீழேதான் இருந்தது.
நான் பேஸைக் கூட்டினேன்.
குரலில் நெஞ்சு வேண்டும் என்று
ஐந்நூறு ரூபாய் தனியாகத் தந்திருந்தார்கள்.

யார் எறிந்தது என்று பொலிஸ் கேட்டபோது
எல்லோருமே சொன்னோம்,
அன்றைக்குச் சரியான மூடுபனி.

நானா நெளிந்த ஷட்டரை இறக்கி
முழங்காலால் அழுத்திப் பூட்டிவிட்டு
அக்குறணைக்கு பஸ் ஏறினார்.
கொப்பி அவர் பைக்குள் போனதா,
பருப்போடும் கண்ணாடித் தூளோடும் சேர்ந்து
கூட்டி அள்ளப்பட்டதா, தெரியவில்லை.
பதினோராயிரத்து நானூறு.
அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம்.
இதைச் சொல்லாமல் விட்டால்
மேலே சொன்ன எல்லாம் பொய்.

அடுத்த மாசம் மாவு இன்னும் ஏறியது.
கடன் சொல்லச் சந்தியில் ஆளில்லை.
ரொட்டியைப் பிய்த்தபடி சரோசனி கேட்டாள்:
"இந்தவாட்டி யாராம்?"

பூனை மறுபடியும் ஹோர்னுக்குள் போட்டிருந்தது.
கண் திறக்காத மூன்று.
ஒவ்வொன்றாய் எடுத்துச் சாக்கில் விட்டு
உள்ளே ஒட்டியிருந்த மயிரைத் துடைத்தேன்.
கீழே, வளைவில்,
வேன் கியர் மாற்றி ஏறும் சத்தம்.